சிகிச்சை முடிந்த பின் வரும் இருமல்

மார்பகத்திலோ நுரையீரலிலோ உணவுக்குழாயிலோ புற்றுநோய் கண்ட ஒருவர், வாரக்கணக்கில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று இல்லம் திரும்புகிறார். குடும்பம் நிம்மதி அடைகிறது. இரண்டு மூன்று மாதங்கள் கழிந்தபின் வறட்டு இருமல் தொடங்குகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. சில வேளை இலேசான காய்ச்சலும் காண்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்து வாழ்வோர், "ஆலைப் புகை ஒத்துக்கொள்ளவில்லை" என்று இருமல் மருந்தோடு இருந்துவிடுவது எளிது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையம், 1957இலேயே கோபால்ட் கதிர்க் கருவியை நிறுவியது. அன்றுமுதல் எத்தனையோ பேர் கதிரால் உயிர் பிழைத்துள்ளனர். ஆனால் நோயை அழிக்கும் கதிர், தன் வழியில் உள்ள நல்ல நுரையீரலையும் ஓரளவு தாக்குகிறது. சிகிச்சை முடிந்து ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் அங்கே அழற்சி தோன்றலாம். அது பின்னர் தழும்பாக இறுகினால் பழைய நிலைக்குத் திரும்பாது.

வருமுன் காப்பது எவ்வாறு? இன்று மருத்துவர்கள் சி.டி. படத்தின் துணையால், நல்ல நுரையீரலில் விழும் கதிரின் அளவைக் கணக்கிட்டுக் குறைக்கின்றனர். நம் கடமையும் உண்டு. புகைபிடிப்பதை அறவே விடவேண்டும். முன்பு வந்த காசநோய், ஆஸ்துமா, தூசியில் செய்த வேலை ஆகியவற்றை ஒளிக்காமல் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

அழற்சி கடுமையானால் ஸ்டீராய்டு மாத்திரைகள் பெரும்பாலும் நல்ல பலன் தரும். ஆனால் காசநோயோ வேறு கிருமித் தொற்றோ இருக்கையில் அவை தீங்கு செய்யக்கூடும். ஆகவே சளிப் பரிசோதனையும் மார்புப் படமும் தேவைப்படும். சுகம் கண்டவுடன் மாத்திரையைத் திடீரென நிறுத்தலாகாது. மருத்துவர் சொற்படி வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். தழும்பு விழுந்தவர்க்கு மூச்சுப் பயிற்சியும், தேவையெனில் ஆக்சிஜனும் துணைசெய்யும்.

இறுதியாக ஒன்று. சிகிச்சை நடந்தது சென்னையில். இருமலுக்கு நாம் முதலில் செல்வது பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ உள்ள மருத்துவரிடம். நாம் சொன்னாலன்றி, மார்பில் கதிர் பாய்ந்த செய்தியை அவர் எவ்வாறு அறிவார்? எனவே சிகிச்சை விவரத் தாளைக் குடும்ப அட்டையைப்போல் பத்திரப்படுத்துங்கள். இருமல் கண்டவுடன் அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சை அளித்த மருத்துவமனைக்கும் தாமதமின்றித் தெரிவியுங்கள். "மார்பில் கதிர்வீச்சு வைத்திருக்கிறார்கள்" என்ற அந்த ஒரு சொல், ஓர் உயிரின் மூச்சைக் காக்கக்கூடும்.