சரணத்தைப் பார்த்துப் பாட்டெடுங்கள்

பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்ததும், பிடித்த பாட்டின் பல்லவியை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு அதையே முடிவு செய்துவிடுகிறவர்கள் அதிகம். நம் திரைப்பாடல்களில் பல்லவி பெரும்பாலும் நடு ஸ்தாயியில் நிதானமாக நடக்கும். மெட்டு மேலே ஏறுவது சரணத்தில்தான். ஆகவே ஒரு பாட்டு நம் குரலுக்கு ஒத்துவருமா என்பதைச் சரணத்தில்தான் சோதிக்க வேண்டும். அங்கேயும் உச்ச சுரம் எது என்பதைவிட, மெட்டு எந்த உயரத்தில் அதிக நேரம் தங்குகிறது என்பதே முக்கியம்.

காரணம் தொண்டைக்குள் இருக்கிறது. குரல்வளையிலுள்ள இரண்டு குரல்நாண்கள் மூச்சுக் காற்றில் சேர்ந்து பிரிந்து அதிர்வதால்தான் குரல் எழுகிறது. ஆண்களின் நாண்கள் நீளமானவை, தடிமனானவை. அதனால் மெதுவாக அதிர்ந்து தாழ்ந்த குரல் தரும். ஆகவே ஆதார சுருதியைக் குறிக்கும் கட்டைக் கணக்கில் அவர்கள் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து, ஐந்தரை கட்டையிலும் பாடுகிறார்கள். ஆறு கட்டையில் பாடும் பெண்ணுக்கு மத்திய ஸட்ஜத்தில் நாண்கள் நொடிக்கு 220 முறை அதிரும். மேல் ஸட்ஜத்தில் 440 முறை. அந்த வேகத்துக்கு நாண்களை இழுத்து மெலிதாக்கிப் பிடிக்க வேண்டும். உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கினால் சிரமமில்லை. அங்கேயே நான்கு வரி நின்றால் தசை களைக்கும், கழுத்து இறுகும், சுருதி நழுவும். மேடைப் பதற்றத்தில் மூச்சும் குறுகிவிடுவதால், வீட்டில் எட்டிய சுரம் அங்கே எட்டாமல் போகிறது.

கரோக்கி டிராக்கின் சுருதியைக் குறைத்துக்கொண்டால் போதாதா? வீச்சு குறுகிய பாட்டென்றால் தாராளமாகக் குறைக்கலாம். மூலப் பாடகரின் கட்டையில்தான் பாடுவேன் என்பது வீண் பிடிவாதம். ஆனால் உச்சி இறங்கும்போது அடியும் சேர்ந்து இறங்கும். பல்லவியின் கீழ்ச்சுரங்கள் வெறும் காற்றாகிவிடும். இரண்டு ஸ்தாயி அளவுக்கு விரியும் பாட்டு பலருக்கு எந்தக் கட்டையிலும் அடங்காது.

கடினமான பாட்டுக்குத்தானே நடுவர்கள் மதிப்பெண் தருகிறார்கள் என்று கேட்கலாம். அது ஓரளவு உண்மைதான். ஆனால் கடினம் என்றாலே உயரம் என்று கொள்வது தவறு. 'கேளடி கண்மணி' (1990) படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் மூச்சு விடாமல் பாடுவதுபோல் அமைந்த பாட்டின் சவால், சொற்களின் நெருக்கத்திலும் மூச்சுக் கணக்கிலும் இருக்கிறது. நுணுக்கமான கமகம், தாளத்தில் தள்ளி எடுக்கும் இடம் என்று தாழ்ந்த குரலுக்கும் திறமை காட்ட வழிகள் உண்டு. குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. அவர்களின் எல்லை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால், பயிற்சி தொடங்கியபோது பொருந்திய பாட்டைப் போட்டி வாரத்தில் மறுபடி முழுச் சரணத்தோடு பாடவைத்துப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் கட்டையை மாற்ற வேண்டும்.