துவாஸ் அப்பாவும் ஊரில் ஓடும் படமும்

சார்லி சாப்ளினின் 'தி கிட்' 1921இல் வந்த ஊமைப்படம். அதில் பொடியன் ஒருவன் கல்லெறிந்து வீட்டுச் சன்னலை உடைத்துவிட்டு ஓடுவான். கொஞ்ச நேரத்தில், முதுகில் கண்ணாடியைச் சுமந்துகொண்டு, ஏதோ தற்செயலாக வந்தவர் மாதிரி சாப்ளின் அந்தப் பக்கம் வருவார். வகுப்பே சிரிக்கும். அங்கே படத்தை நிறுத்தி, "இந்த வியாபாரத்தில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?" என்று கேட்டால் அது பொருளியல். "படத்தில் வரும் போலீஸ்காரர் என்ன சொல்லியிருப்பார், எழுது" என்றால் தமிழ்ப் பாடம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை மாதம் ஒரு படம் காட்டும் திட்டம் 2022இல் தொடங்கியபோது, முதலில் திரையிட்டது இந்தப் படத்தைத்தான். பார்த்த பிறகு பிள்ளைகள் பேசவும் விமர்சனம் எழுதவும் வேண்டும். திட்டத்தின் உயிரே அந்தப் பேச்சில்தான். அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது, ஆசிரியர் வராத நாளில் டிவி போட்டுவிடுகிற பழக்கம்தான்.

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸுக்கு இதில் என்ன வேலை? அங்கே ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளும்தான். பள்ளிப் பிள்ளைகளைப் பார்ப்பது அரிது. விடுதிகளில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் பலருக்குப் பிள்ளைகள் ஊரில் படிக்கிறார்கள். மகளின் அல்ஜீப்ராவுக்கு வீடியோ காலில் உதவ எல்லா அப்பாக்களுக்கும் வராது. படத்தைப் பற்றிப் பேச யாருக்கும் வரும்.

மணிகண்டனின் 'காக்கா முட்டை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். பொடியன்கள் ஏறி விளையாடிய மரத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் பீட்சா கடை வரும். பாட்டி விளம்பரத் தாளைப் பார்த்துத் தோசை மாவில் பீட்சா சுட முயல்வார். தண்டவாளத்தில் நிலக்கரி பொறுக்கி விற்கிற காசில் ஒரு பீட்சாவுக்கு எத்தனை நாள் சேர்க்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு காலி இடம் யார் கைக்குப் போகிறது என்பது சமூக அறிவியல். (கடல்தூர்த்த மண்ணையும் வெளிநாட்டுத் தொழிலாளரையும் வைத்துச் சிங்கப்பூரிலேயே எடுத்த 'எ லேண்ட் இமேஜின்ட்' 2018இல் லொகார்னோ திரைப்பட விழாவின் உயர்ந்த விருதை வாங்கியது. நல்ல படம், ஆனால் பெரியவர்களுக்கானது.)

இயற்பியலுக்கு அப்பா இருக்கும் துவாஸே போதும். துவாஸ் துறைமுகத்தின் முதல் கட்டத்துக்கு 221 கான்கிரீட் பெட்டகங்களை இறக்கினார்கள். ஒவ்வொன்றும் 28 மீட்டர் உயரம், சுமார் 15,000 டன் எடை. அவற்றைக் கடலில் மிதக்கவிட்டே இழுத்துப் போனார்கள். ஆணி முழுகும்போது இது எப்படி மிதக்கிறது? உள்ளே காலியாக இருப்பதால், தன் எடைக்குச் சமமான கடல்நீரை ஒதுக்கித் தள்ளும் அளவுக்குப் பெட்டி பெரிது. இடத்துக்கு வந்ததும் உள்ளே நீரை நிரப்பி அமர்த்திவிடுவார்கள். இதற்கான காணொளிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. வேலையிடத்துக்குள் போனைத் தூக்கிப் படம் பிடிக்கப் போய் வம்பில் மாட்ட வேண்டாம்.

முழுப் படமும் தேவையில்லை, பத்து நிமிடத் துண்டு போதும். பார்க்கும் முன் ஒரு கேள்வி, பார்த்த பின் ஒரு கேள்வி. அப்பாவும் பிள்ளையும் அவரவர் இடத்தில் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பேசலாம். நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஊரில் இரவு எட்டு என்றால் துவாஸில் பத்தரை, மறுநாள் காலை வேலை.