விலை இறங்கிய போர்ஷேயும் இறங்காத ரிப்பேர் செலவும்

போர்ஷே 911 வரிசையில் 996 என்று அழைக்கப்படும் மாடல் 1997-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் புதிதாக விற்றபோது அதன் தொடக்க விலை சுமார் 65,000 டாலர். இன்று அதே கார், ஓடும் நிலையில், அதில் பாதிக்கும் குறைவான பணத்துக்குக் கிடைக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பாக்ஸ்டர் இன்னும் மலிவு. சாதாரணப் புதுக் கார் ஒன்றின் விலைக்கு 911 வாங்கிவிடலாம் என்ற ஆசை பலரை இந்தக் கார்களிடம் இழுக்கிறது. ஆனால் இறங்கியிருப்பது காரின் விலை மட்டுமே. கிளட்ச், பிரேக் டிஸ்க், ரேடியேட்டர் ஆகியவற்றின் விலையும் மெக்கானிக்கின் மணிநேரக் கூலியும் இன்னும் விலையுயர்ந்த காருக்கு உரியவையாகவே இருக்கின்றன. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கவலைக்கெல்லாம் வேர் இந்த இடைவெளிதான்.

நெருக்கடியில் பிறந்த என்ஜின்

1963-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அறிமுகமான 911, முப்பது ஆண்டுகளுக்கு மேல் காற்றால் குளிரும் என்ஜினையே நம்பியிருந்தது. புகைக் கட்டுப்பாடும் ஓசைக் கட்டுப்பாடும் கடுமையானபோது அந்த என்ஜினைத் தொடர முடியவில்லை. நிறுவனத்தின் நிலையும் மோசமாக இருந்தது. 1980-களின் நடுவில் ஆண்டுக்கு 50,000 கார்கள் வரை விற்ற போர்ஷே, 1992-93 நிதியாண்டில் 15,000-க்கும் கீழே சரிந்தது. வெண்டலின் வீடகிங் தலைமைப் பொறுப்புக்கு வந்து, ஜப்பானிய நிபுணர்களின் துணையோடு உற்பத்திச் செலவைக் குறைத்தார். பாக்ஸ்டரும் 996-உம் முன்பாகம், கதவு, என்ஜின் குடும்பம் எனப் பலவற்றைப் பகிர்ந்துகொண்டன. இரண்டும் சேர்ந்து 3 லட்சத்துக்கும் மேல் தயாராகி நிறுவனத்தைக் காப்பாற்றின.

நீரால் குளிரும் அந்தப் புதிய ஆறு சிலிண்டர் என்ஜினுக்கு எம்96 என்று பெயர். பாக்ஸ்டரில் இருக்கைகளுக்குப் பின்னாலும், 911-இல் பின் அச்சுக்கும் பின்னாலும் அது அமர்ந்திருக்கும். அதன் வலிமையும் சிக்கனமும் பாராட்டப்பட்டன. பலவீனங்கள் வெளியே தெரியச் சில ஆண்டுகள் ஆயின.

பேர்போன பேரிங்

அவற்றில் முதலாவது இடைத்தண்டு பேரிங். கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை வாங்கி, சங்கிலிகள் வழியாகக் கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கொடுப்பது இடைத்தண்டு. ஃப்ளைவீல் பக்கம் அதன் முனையைத் தாங்குவது ஒரு சிறிய பால் பேரிங். கிரீஸ் நிரப்பி இருபுறமும் சீல் வைத்த பேரிங் அது. ஆண்டுகள் செல்லச் செல்ல சீல் இறுகித் தளர்கிறது. என்ஜின் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்துவிடுகிறது. உள்ளே போன ஆயிலும் புதுப்பிக்கப்படாமல் அங்கேயே கெடுகிறது. மசகு குறைந்த குண்டுகள் தேய்ந்து, தண்டு ஆட்டம் காண்கிறது. சங்கிலி இடம் பிசகினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சில நொடிகளில் என்ஜின் முழுவதும் பாழாகிவிடும்.

எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. தொடக்கத்தில் வந்தவற்றில் குண்டுகள் இரட்டை வரிசையில் இருந்தன. 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறிய பிறகுதான் பழுது பெருகியது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில், ஒற்றை வரிசை பேரிங் கெடும் வீதம் 8 விழுக்காடு அளவிலும், இரட்டை வரிசையில் 1 விழுக்காட்டுக்குள்ளும் இருந்ததாகக் கணக்கு வெளிவந்தது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களுக்காக அந்த வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. பத்தில் ஒன்பது கார்களுக்கு இந்தப் பழுது வராது என்பதும், வந்தால் என்ஜினே போய்விடும் என்பதும் சேர்ந்துதான் இந்தக் கவலையை இவ்வளவு பெரிதாக்கின.

2006 முதல் 2008 வரையிலான மாடல்களில் பெரிய, வலுவான பேரிங் வைக்கப்பட்டது. ஆனால் என்ஜினைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலிலிருந்து வந்த புதிய என்ஜினில் இடைத்தண்டே இல்லை. பந்தயக் கார் வழி வந்த ஹான்ஸ் மெட்ஸ்கரின் என்ஜினைக் கொண்ட டர்போ, ஜிடி3 மாடல்களுக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. அவற்றுக்கு வேறு கவலை உண்டு: பசையால் ஒட்டப்பட்ட கூலன்ட் குழாய் இணைப்புகள் வயதானபின் கழன்று, ஓடும்போதே தண்ணீரைக் கொட்டிவிடும்.

சிலிண்டர் கீறலும் சில்லறைப் பழுதுகளும்

பேரிங்கைவிடச் செலவு மிகுந்த நோய் சிலிண்டர் கீறல். எம்96 என்ஜினிலும் அதைத் தொடர்ந்து வந்த எம்97 என்ஜினிலும் சிலிண்டர் சுவர் சிலிக்கான் கலந்த அலுமினியத்தால் ஆனது. பிஸ்டன் பக்கவாட்டில் பூசப்பட்ட மெல்லிய இரும்புப் படலம் உரிந்துபோனால், அலுமினியத்தோடு அலுமினியம் உரசிச் சுவரில் கோடு விழுகிறது. குளிர் நாடுகளில் என்ஜின் சூடாகும் முன்பே விரட்டி ஓட்டுவதும், மிகக் குறுகிய தூரம் ஓட்டி நிறுத்துவதும் இதை விரைவுபடுத்துகின்றன. சூடான என்ஜினில் டிக் டிக் என்ற தட்டல், ஆயில் வேகமாகக் குறைவது, ஒருபக்கப் புகைக்குழாயில் மட்டும் கரி படிவது ஆகியவை அறிகுறிகள். என்ஜினைப் பிரித்துப் புதிய ஸ்லீவ் போடுவதுதான் தீர்வு. அந்தச் செலவு, மலிவாக வாங்கிய காரின் விலையையே எட்டிவிடக்கூடும்.

மற்றவை பயமுறுத்தும் அளவுக்குப் பெரியவை அல்ல. ஆயில் ஆவியைப் பிரிக்கும் கருவியின் ரப்பர் சவ்வு கிழிந்தால், ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை மண்டும். கருவியை மாற்றினால் சரியாகிவிடும். கூலன்ட் தொட்டியின் பிளாஸ்டிக் வெடிப்பு விடும். வாட்டர் பம்ப்பின் பிளாஸ்டிக் இறக்கை உடைந்து துண்டுகள் குழாய்க்குள் போய்விடக்கூடும். அதனால் பம்ப்பைக் காலக்கெடு வைத்து மாற்றுவது நல்லது. மூக்குப் பகுதியில் உள்ள ரேடியேட்டர்களில் இலை தழைகள் சேர்ந்து ஈரம் தங்கி அரிப்பு ஏற்படும். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் கசிவதும் வழக்கம்தான். அதில் சில சொட்டு என்பது அவசர வேலை அல்ல.

வாங்கும் முன்பே பார்க்க வேண்டியவை

பெரும் செலவைத் தவிர்க்கும் வாய்ப்பு, பணம் கைமாறும் முன்னர்தான் அதிகம். இந்த மாடலில் கை தேர்ந்த, விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் காரைக் காட்ட வேண்டும். ஆயில் தொட்டியின் அடித்தகட்டைக் கழற்றி, மெல்லிய கேமரா செலுத்திச் சிலிண்டர் சுவரைப் பார்க்கலாம். ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்தால் உலோகத் துகள் தெரியும். இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டினால் பேரிங் மீது சந்தேகம் கொள்ளலாம். என்ஜின் கணினியைப் படித்து, தவறான கியர் போட்டு என்ஜினை அளவுக்கு மீறிச் சுழற்றிய வரலாறு உண்டா என்றும் அறியலாம்.

சர்வீஸ் பில்கள் இவற்றுக்கு நிகரான சான்று. பேரிங் மாற்றியிருந்தால் எந்த ஆண்டு, எந்த வகை என்பது பில்லில் இருக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது. குறைவாக ஓடிய கார் என்பதும் தனியாக ஒரு தகுதி ஆகாது. அடிக்கடி ஓடி, முறையாக ஆயில் மாற்றப்பட்ட காரைவிட, ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் நின்ற காரில்தான் சீல்களும் பேரிங்கும் அதிகம் பழுதாகின்றன என்பது மெக்கானிக்குகளின் அனுபவம்.

செலவைத் திட்டமிடுதல்

பேரிங் மாற்றும் வேலை, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். பொருளைவிடக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியே கனமானது. கிளட்ச் மாற்றவும் பின் ஆயில் சீல் மாற்றவும் அதே கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். ஆகவே கிளட்ச் தேயும்வரை காத்திருந்து மூன்றையும் ஒரே கூலியில் முடிப்பதே பலரும் கையாளும் வழி. பேரிங்குக்குப் பதிலாகப் பீங்கான் குண்டுகள் கொண்டதையும், என்ஜின் ஆயிலாலேயே நேரடியாக மசகிடப்படும் குண்டில்லாத வகையையும் அமெரிக்காவின் எல்என் எஞ்ஜினியரிங் போன்ற தனியார் நிறுவனங்கள் விற்கின்றன.

உதிரிபாகத்திலும் மிச்சம் பிடிக்க இடமுண்டு. போர்ஷே பெட்டியில் வரும் கிளட்ச், ஃபில்டர், சென்சார் பலவற்றையும் உண்மையில் செய்பவை ஸாக்ஸ், மாலே, பாஷ் போன்ற நிறுவனங்கள். அதே பொருள் அவற்றின் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கம்பெனி சர்வீஸ் மையத்தைவிட, இந்தக் கார்களை மட்டுமே பார்க்கும் தனிப் பட்டறைகளில் கூலியும் குறைவு.

ஆயிலை, கையேடு சொல்லும் நீண்ட இடைவெளிக்குக் காத்திராமல் முன்கூட்டியே மாற்றுவதும், ஒவ்வொரு முறையும் ஃபில்டரை ஆராய்வதும் செலவு குறைந்த காப்பீடு. ஐரோப்பாவில் போர்ஷே தரும் நீட்டிப்பு உத்தரவாதம் 15 வயது வரைதான். 996 அந்த வயதைக் கடந்துவிட்டது. ஆகவே மாதந்தோறும் ரிப்பேருக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைப்பதே எஞ்சியிருக்கும் உத்தரவாதம்.

பெரிய பில் வரும்போது, பழுது பார்ப்பதா விற்பதா என்ற கேள்வி எழும். இதுவரை போட்ட பணத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பழுது பார்த்தபின் அந்தக் காருக்குக் கிடைக்கும் விலை, இன்னும் எத்தனை ஆண்டு ஓட்டும் எண்ணம், அதே பணத்துக்குக் கிடைக்கும் வேறு கார் ஆகிய மூன்றை மட்டும் எடைபோட வேண்டும். உடம்பு துருப்பிடிக்காமல் மற்ற பாகங்கள் நன்றாக இருந்தால், புதிய என்ஜின் வேலை நியாயமானதே. என்ஜின், சஸ்பென்ஷன், உள் அலங்காரம் எல்லாம் ஒருங்கே தளர்ந்த காரை விட்டுவிடுவதே லாபம்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பழுது வரும் என்பது உறுதி. எது, எப்போது என்பது பெருமளவு முன்கூட்டியே தெரியக்கூடியது. கையிருப்புப் பணம் முழுவதையும் கொடுத்து வாங்கும் ஒருவருக்கு இந்தக் கார் ஏற்றதல்ல. வாங்கும் விலைக்கு மேல் ஒரு பெரிய ரிப்பேருக்கான பணத்தையும் தனியே வைத்திருப்பவர் மட்டுமே இதை வாங்க வேண்டும்.