படுத்தால் மூச்சு முட்டுகிறதா?

‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்று டாக்டர் சொன்னதும், இருதயமே நின்றுவிட்டது என்று எண்ணிப் பலர் கலங்கிவிடுகிறார்கள். அப்படியல்ல. இருதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உடம்புக்கு வேண்டிய இரத்தத்தை இறைத்துக் கொடுக்க அதற்குச் சக்தி போதவில்லை என்பதே பொருள்.

மழைத் தண்ணீர் வெளியேற வழி குறுகினால் முற்றத்தில் தேங்குகிறதல்லவா? அதுபோல, இருதயத்தின் இடது பக்கம் தளர்ந்தால் நுரையீரலில் இரத்தம் தேங்கி, நீர் கசிந்து, காற்று நிரம்பவேண்டிய நுண்ணிய அறைகளில் இறங்கிவிடுகிறது.

இது பெரும்பாலும் இரவில்தான் முற்றும். படுத்து ஓரிரு மணி நேரத்தில் திணறி எழுந்து உட்காருவார், ஜன்னலருகே ஓடுவார். உடம்பு சில்லிட்டு வியர்க்கும். இருமலில் நுரை வரும்; சில சமயம் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். ‘வீசிங்’ கேட்பதால் ஆஸ்துமா என்று ஏமாந்துவிடாதீர்கள். இதுவரை ஆஸ்துமாவே இல்லாதவருக்கு, அதிலும் இரத்தக் கொதிப்போ பழைய மாரடைப்போ உள்ளவருக்கு, இப்படி வந்தால் இருதயத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உடனே என்ன செய்வது? தமிழ்நாட்டில் 108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை முதுகுக்குத் தலையணை கொடுத்து, காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார வையுங்கள். ‘கொஞ்சம் படுங்கள், சரியாகிவிடும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். படுத்தால் திணறல் அதிகமாகும். காப்பி, சோடா எதுவும் வேண்டாம். அடுத்த வீட்டாரின் மாத்திரையும் வேண்டாம். அவர் சாப்பிடும் மருந்துகளையும் சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் பிராணவாயு குறைந்திருந்தால் அதைக் கொடுப்பார்கள். தேவையானால் முகத்தோடு பொருந்தும் முகமூடி மூலம் காற்றை அழுத்தத்துடன் செலுத்துவார்கள். 1960-களில் புழக்கத்துக்கு வந்த ஃப்யூரோஸமைட் ஊசி, தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும். இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தால் நைட்ரோகிளிசரின் இருதயத்தின் சுமையைக் குறைக்கும். மாரடைப்பு காரணமா என்று அறிய இ.சி.ஜி. எடுப்பார்கள். நேரத்தோடு போய்ச் சேர்ந்தவர்களில் பலர் சில மணி நேரத்திலேயே நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள்.

பல சமயங்களில் இந்த அபாயம் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டே வருகிறது. ஒரு தலையணை இரண்டாகும். மாலையில் பாதம் வீங்கிச் செருப்பு இறுகும். மூன்றே நாளில் எடை 2 கிலோ ஏறும். அப்போதே டாக்டரிடம் போனால் நள்ளிரவு ஓட்டம் மிஞ்சும். ‘உடம்பு தேவலை’ என்று மாத்திரையை நிறுத்துவதும், மூட்டு வலிக்குக் கடையில் தானாகவே மாத்திரை வாங்கி விழுங்குவதும் இருதய நோயாளிக்கு ஆகாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றின் உப்பும் உடம்பில் நீரைத் தேக்கிவிடும். எல்லோருக்குமே நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சகோதரிகள் முக்கியமாக ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வயதானவர்களுக்கு மட்டும் வரும் வியாதியல்ல இது. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ, பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதங்களுக்குள்ளோ, நல்ல ஆரோக்கியமான இளம் தாய்க்கும் அபூர்வமாக இருதயம் தளர்வதுண்டு. ‘பிள்ளை பெற்ற உடம்பு, களைப்பாகத்தான் இருக்கும்’ என்று வீட்டில் சொல்லக்கூடும். ஆனால் களைத்தவளுக்குப் படுத்தால் சுகமாக இருக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவள் சொன்னால், அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.