சுபுஹு வேளையில் சுடுநீர்க் கலத்தின் ஓசை

தாம்பரத்தை அடுத்த எங்கள் இல்லத்தில், சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள், சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்ய எழுந்த உம்மா கீஸரைப் போட மறுத்துவிட்டார்கள். "உள்ளே சோளம் பொரிவதுபோல் வெடிக்கிறது. என்றேனும் ஒரு நாள் கலமே வெடித்துவிடும்" என்பது அவர்களின் அச்சம். முதுமையில் விறைக்கும் கைகால்களைப் பச்சைத் தண்ணீரிலேயே கழுவினார்கள். சுவருக்கு அப்பால் உறங்கிய அண்டை வீட்டுக் கைக்குழந்தையும் அவ்வோசையால் விழித்தழுவதை அறிந்தபோது, பெரிதும் வெட்கமுற்றேன்.

முதலில் வந்த பழுதுபார்ப்பவர், சொட்டிக்கொண்டிருந்த சேஃப்டி வால்வை அடைத்துவிட முனைந்தார். தடுத்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். சூடேறும் நீர் விரிவடையும். அழுத்தம் மிகும்போது அது வெளியேற வழி செய்வது அவ்வால்வே. அதனை அடைத்தால் உம்மாவின் அச்சம் மெய்யாகிவிடக்கூடும்.

உண்மைக் காரணம் தண்ணீரில் இருந்தது. சேலையூர், செம்பாக்கம், பல்லாவரம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றின் நீர் கடின நீராகும். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம் என்றும், வேறு நீர் கிட்டாத நிலையில் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. இத்தகைய நீரைச் சூடாக்கும்போது சுண்ணாம்பு பிரிந்து காயிலின் மீது ஓடுபோல் படிகிறது. அவ்வோட்டின் அடியில் சிக்கிய நீர் கொதித்து ஆவிக்குமிழ்களாகி, வெளிவந்து குளிர்ந்த நீரில் பட்டதும் சட்டென நொறுங்குகிறது. அதுவே வெடிப்போசை. மின்சாரமும் வீணாகிறது.

மற்றொருவர் வந்து, மின் இணைப்பைத் துண்டித்து, நீரை வடித்து, காயிலை வெளியே எடுத்தார். குளியலறை ஆசிட்டைத் தேட வேண்டாம், அது உலோகத்தை அரித்துவிடும். நபிகளார் (ஸல்) அவர்கள் நல்ல தொடுகறி எனப் புகழ்ந்த காடியே, அதாவது வினிகரே, போதுமானது. அதில் ஊறவைத்தபின் படிவு இளகி உதிர்ந்தது. கலத்தின் அடியில் தேங்கிய வெண்ணிறத் துகள்களோ ஒரு சட்டி நிறைய இருந்தன! தேய்ந்துபோன மெக்னீசியக் கம்பியையும் மாற்றினார். தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்தால் படிவு மெதுவாகவே சேரும் என்றார்.

குழாயில் கடகடவென எழும் ஓசை வேறு. மேல்நிலைத் தொட்டி வற்றி மீண்டும் நிரம்பும்போது காற்று உள்ளே அடைபடும். எல்லாக் குழாய்களையும் சிறிது நேரம் திறந்துவிட்டால் அது பெரும்பாலும் வெளியேறிவிடும். இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் அறைகளுக்கு வெப்பமூட்டும் சுடுநீர் ரேடியேட்டர்களிலும் இதே தொல்லை உண்டு. அங்கே மேல்முனையிலுள்ள சிறு திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுகின்றனர். குழாயை மூடும்போது 'டம்' என இடித்தால், சுவரிலுள்ள கிளாம்புகள் தளர்ந்தனவா எனப் பாருங்கள்.

இப்போது உம்மா பாங்குக்குக் கால் மணி நேரம் முன்பே சுவிட்சைப் போட்டு, ஒளுவுக்கு அமருமுன் மறவாமல் அணைத்துவிடுகிறார்கள். அண்டை வீட்டுக் குழந்தை உறங்குகிறது.