மருந்து அருந்தும் நேரம்

நான் ‘நானா’ என்று அழைக்கும் உறவினர் ஒருவர் ஹெரோயின் பாவனையிலிருந்து மீள்வதற்காகச் சிகிச்சை நிலையமொன்றில் சேர்ந்தார். இரண்டே வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். “அங்க எல்லாரும் நல்லவங்கதான். ஆனா மனசுல உள்ளத சிங்களத்துல சொல்ல எனக்கு வராது” என்றார். கடையில் சாமான் வாங்குமளவுக்கு அவருக்குச் சிங்களம் தெரியும். வெட்கத்தையும் பயத்தையும் சொல்ல அது போதவில்லை. அவருக்கு மனவுறுதி இல்லை என்று வீட்டார் முடிவுகட்டினர். நானும் அப்படித்தான் நினைத்தேன். (அவருடைய அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன்.)

போதைக்கு அடிமையாதல் ஒரு நோய். அதற்கான சிகிச்சை நோயாளியின் மொழி, மார்க்கம், குடும்பம் ஆகியவற்றுக்கு இசைவாக அமைய வேண்டும் என்பதே பண்பாட்டுக்கேற்ற பராமரிப்பு. இது நோயாளிக்குக் காட்டும் சலுகையல்ல. சிகிச்சையை இடையில் விட்டுவிடாமல் அவரைத் தக்கவைக்கும் வழி.

மலேசியாவை எடுத்துக்கொள்வோம். ஹெரோயினை நிறுத்தும்போது உடல்வலி, வயிற்றோட்டம், தூக்கமின்மை என்பன ஆளை வாட்டும். அவற்றைத் தணிக்கும் மெதடோன் என்ற மருந்து அங்கு 2005இல் அறிமுகமானது. ஆனால் மெதடோனும் ஹெரோயினின் இனத்தைச் சேர்ந்ததே. ஹராமான ஒன்றை விட இன்னொன்றைக் குடிப்பதா என்ற தயக்கம் ஒரு முஸ்லிமுக்கு எழுவது இயல்பு. 2010இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தை அண்மித்த அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் மெதடோன் சிகிச்சை ஆரம்பமானது. தொழுகையும் மார்க்க ஆலோசனையும் மருந்தோடு சேர்ந்தே கிடைத்தன. மருந்து கிடைக்கும் இடம் பள்ளிவாசல் என்றானபோது, அந்தத் தயக்கத்துக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

ரமழானில் என்ன செய்வது? மெதடோனின் பலன் ஏறத்தாழ ஒரு நாள் நீடிக்கும். அதனால் வைத்தியரின் மேற்பார்வையில், காலையில் அருந்துவதை நோன்பு திறந்த பின்னர் அருந்துமாறு மாற்றலாம். மாற்றப்படுவது நேரம் மட்டுமே. ஆனால் அதை எவரும் சொல்லிக் கொடுக்காவிட்டால், நோன்பை விட மனமில்லாதவர் மருந்தை விட்டுவிடக்கூடும். அப்படி விட்டவர் மீண்டும் ஹெரோயினுக்குத் திரும்பி, உடல் பழக்கம் குறைந்த நிலையில் பழைய அளவையே எடுத்தால், உயிரே போய்விடலாம்.

எமது நாட்டில் இப்போது பரவும் ‘ஐஸ்’ போதைக்கு மெதடோன் போன்ற மருந்து கிடையாது. பேச்சும் உளவளத்துணையுமே பிரதான சிகிச்சை. பேச்சே மருந்தாகும் இடத்தில், நோயாளிக்கு வராத மொழியில் அதை எப்படிக் கொடுப்பது?

உறவினர் அறிந்தால் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்று வீட்டிலேயே மறைக்கும் வழக்கமும் எம்மிடம் உண்டு. இதனால் தாய்மார் தனியே அழுகிறார்கள், சிகிச்சையும் பிந்துகிறது.

தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். நானா மறுபடி சிகிச்சைக்குப் போகச் சம்மதித்திருக்கிறார். இம்முறை அழைப்பெடுத்தவர் என் வாப்பா. அவர் முதலில் கேட்டது, “தமிழில் பேசக்கூடிய ஒருவர் இருக்கிறாரா?” என்பதைத்தான்.