மூதாதையைத் தேடும் வரிசை

வைத்திக்குப்பம் என்ற மீனவர் குப்பத்தின் ஃபைபர் படகுகளை, லிஸ்ப் என்னும் கணினிமொழியின் நிரல் ஒன்றில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘படகு’ என்று பொதுவான ஒரு வகுப்பு. அதற்குப் பிள்ளைகள் இரண்டு: ‘இன்ஜின் படகு’, ‘வலைப்படகு’. இந்த இரண்டிடமிருந்தும் குணங்களைப் பெறுவது ‘ஃபைபர் படகு’. ‘புறப்படு’ என்ற கட்டளைக்குப் ‘படகு’ வைத்திருக்கும் செயல்முறை எளியது: கயிற்றை அவிழ்த்துத் தள்ளு. ‘வலைப்படகு’ தனக்கென வேறொன்று வைத்திருக்கிறது: வலையையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றிவிட்டுத் தள்ளு. ஃபைபர் படகுக்குப் ‘புறப்படு’ என்று ஆணையிட்டால் எது நடக்கும்?

எந்த லிஸ்ப் என்பதைப் பொறுத்தது.

எம்.ஐ.டி.யின் லிஸ்ப் இயந்திரங்களுக்காக ஹவர்ட் கேனன் வடிவமைத்த ஃப்ளேவர்ஸ் என்ற பொருள்நோக்கு அமைப்பு, தன் பழைய வடிவத்தில், ஒரு கிளையின் அடிவேர் வரை போன பிறகுதான் அடுத்த கிளையைப் பார்க்கும். ஃபைபர் படகு, இன்ஜின் படகு, படகு, கடைசியில் வலைப்படகு என்பது அதன் வரிசை. ‘படகு’ முந்திக்கொள்வதால் வலை ஏறாது. இன்று எங்கும் புழங்கும் சி.எல்.ஓ.எஸ். முறையிலோ, பிள்ளைகளை எல்லாம் பார்த்து முடிக்கும் வரை பெற்றோரின் முறை வராது. அங்கே ‘வலைப்படகு’ முந்தும், வலை ஏறும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, பிழைச் செய்தியும் வராது. பொருள்நோக்கு லிஸ்ப் நிரலை இடம் மாற்றுவோரை மிகவும் அலைக்கழிப்பது இப்படிச் சத்தமில்லாமல் மாறிப்போகும் விடைதான்.

1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப், சில ஆண்டுகளிலேயே பல கிளைமொழிகளாகப் பிரிந்தது. 1984இல் கை ஸ்டீலின் நூல் காமன் லிஸ்ப் என்ற பொது வடிவத்தை முன்வைத்தபோது அதில் பொருள்நோக்கு வசதி இல்லை. ஃப்ளேவர்ஸ் ஒரு பக்கம், ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் லூப்ஸ் மறுபக்கம் என்று அவரவர் வழியில் போனார்கள். இந்தக் குறையைப் போக்க வந்த சி.எல்.ஓ.எஸ். வரைவு 1988இல் ஏற்கப்பட்டது. அமெரிக்கத் தர நிறுவனத்தின் முத்திரை 1994இல் கிடைத்தது.

பழைய நிரலின் மேற்பூச்சை மாற்றுவது அவ்வளவு கடினமல்ல. ஃப்ளேவர்ஸில் பொருளுக்குச் செய்தி அனுப்ப வேண்டும், சி.எல்.ஓ.எஸ்.ஸில் சாதாரணச் சார்பை அழைப்பதுபோல் அழைத்தால் போதும். லிஸ்பின் மேக்ரோக்கள் நிரலையே எழுதித்தரும் நிரல்கள் என்பதால், பழைய வாக்கியங்களை அப்படியே வாங்கிப் புதிய வாக்கியங்களாக விரித்துக் கொடுத்துவிடும். ஆனால் தேடும் வரிசை வாக்கிய அமைப்பில் இல்லை, மொழியின் அடித்தளத்தில் இருக்கிறது.

அந்த அடித்தளத்தையும் திறந்துவைத்ததுதான் சி.எல்.ஓ.எஸ். ஆய்வாளர்களின் பெரிய சாதனை. கிரெகர் கிக்சாலெஸ், ஜிம் தெ ரிவியேர், டேனியல் பாப்ரோ மூவரும் 1991இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு செயல்விளக்கமே உண்டு. வரிசையைக் கணக்கிடும் சார்பைப் புதிய வகை வகுப்பு ஒன்றுக்காக மட்டும் மாற்றி எழுதினால், சில வரிகளிலேயே ஃப்ளேவர்ஸின் வரிசை திரும்பக் கிடைக்கிறது. லூப்ஸின் வரிசையும் அப்படியே. பழைய நிரலைத் திருத்துவதற்குப் பதிலாக, அது பழகிய சூழலை மொழிக்குள்ளேயே அமைத்துக் கொடுக்கிறார்கள். லிஸ்ப் உலகம் தந்த மிக அழகான பொறியியல் தீர்வுகளில் இது ஒன்று.

இதே குழுவினர் ஜெராக்ஸில் உருவாக்கிய பி.சி.எல். என்ற மென்பொருள், சி.எல்.ஓ.எஸ்.ஸைப் பல நிறுவனங்களின் லிஸ்புகளுக்கும் கொண்டுசேர்த்தது. பெரும்பகுதி பொதுவான காமன் லிஸ்பிலேயே எழுதப்பட்டது. ஒவ்வோர் அமைப்புக்கும் உரிய தந்திரங்கள் தனிச் சிறு கோப்புகளில் ஒதுக்கப்பட்டன. இடையில் சில வரிகள் மட்டும் வேறுபட்டால், ‘#+’ குறியை இட்டு அமைப்பின் பெயரை எழுதினால் போதும், மற்ற அமைப்புகள் அந்தப் பகுதியைப் படிக்காமலே தாண்டிவிடும்.

பி.சி.எல்.ஐ ஏற்றுக்கொண்டவற்றுள் ஒன்று, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த சி.எம்.யு.சி.எல்.

சி.எம்.யு.சி.எல்.லிலிருந்து 1999இல் பிரிந்தது எஸ்.பி.சி.எல். பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும் கார்னகியின் எஃகையும் மெலனின் வங்கியையும் சேர்த்து ‘ஸ்டீல் பேங்க்’ என்று பெயர் வைத்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் அதன் மூலநிரலை யாரும் இறக்கிப் படிக்கலாம். பொருள்நோக்குப் பகுதி இருக்கும் கோப்புறைக்கு இன்றும் பி.சி.எல். என்றுதான் பெயர்.